ஒரே கேமரா, ஒரே ரோல்: காட்டுக்கும் முகத்துக்கும் எப்படி?

மலையேறி_கேஎல்

வணக்கம் எல்லோருக்கும். செந்தூலில் இருக்கிறேன். வார இறுதி வந்தால் நண்பர்களோடு காடு, மலை என்று கிளம்பிவிடுவேன். புரோகா, கெப்போங் ஃபிரிம், உடம்பு ஒத்துழைத்தால் குனோங் நுவாங். சென்ற ஆண்டு பெந்தாக்ஸ் கே1000 ஒன்றை 50 மிமீ லென்ஸோடு வாங்கினேன். அப்போதிருந்து ஃபிலிமில்தான் படம் எடுக்கிறேன். கோடக் கோல்டு 200, அல்ட்ராமேக்ஸ் 400 (இந்த எண்தான் ஃபிலிமின் ஒளி உணர்திறன், ஐஎஸ்ஓ), கடையில் எது இருக்கிறதோ அது.

மலையில் எடுப்பவை எனக்குப் பிடித்த மாதிரியே வருகின்றன. வீட்டு ஆட்களை எடுத்தால்தான் மனம் நொந்துபோகிறது. பாட்டியைக் கோயில் வாசலில் நிற்கவைத்து எடுத்தேன். பின்னால் வெள்ளைச் சுவர், நல்ல வெயில். சுவர் பளிச்சென்று வந்திருக்கிறது. பாட்டி முகம் மட்டும் சேற்று நிறத்தில், புள்ளி புள்ளியாக இருக்கிறது. கண்கள் தெரியவே இல்லை. கழுவிய கடையில் கேட்டதற்கு, "கறுப்புத் தோலுக்கு ஃபிலிம் அப்படித்தான் வரும், டிஜிட்டலில் எடுங்கள்" என்றார்கள். உண்மைதானா? மலைக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேமராவும் ஃபிலிமும் வேண்டுமா?

நெகட்டிவ் அக்கா

தம்பி, கடையில் சொன்னது தவறு. நான் ஜார்ஜ் டவுனில் மனிதர்களைத்தான் எடுக்கிறேன், அதிலும் பெரும்பாலும் நம் ஆட்களை. எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கறுப்பு. ஃபிலிமில் எங்கள் முகங்கள் மிக அழகாக வருகின்றன.

கே1000இன் மீட்டர், அதாவது ஒளி அளக்கும் கருவி, காட்சி முழுவதையும் கூட்டிச் சராசரி பார்க்கும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கத்தான் பார்க்கும். வெள்ளைச் சுவரும் வெயிலும் படச் சட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டால், வெளிச்சம் அதிகம் என்று சொல்லி முள் ஏறிவிடும். நீங்கள் முள்ளை நடுவில் கொண்டுவந்து எடுத்திருப்பீர்கள். சுவருக்கு அது சரியான அளவு. பாட்டிக்கு இரண்டு ஸ்டாப்பாவது குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி, கூடினால் இரட்டிப்பு).

நெகட்டிவ் கையில் இருக்கிறதா? ஸ்கேனை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு இடங்களைப் பாருங்கள். ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களும் ஃபிலிம் பெயரும் அழுத்தமாக இருக்கின்றனவா? பாட்டி முகம் இருக்கும் இடத்தில் விவரம் ஏதாவது தெரிகிறதா, இல்லை வெறும் ஆரஞ்சுக் கண்ணாடி போல இருக்கிறதா? ஓர எழுத்து அழுத்தமாக இருந்து முகம் வெறுமையாக இருந்தால் எடுக்கும்போதே ஒளி போதவில்லை. ஓர எழுத்தும் மங்கலாக இருந்தால் கழுவியதில் கோளாறு.

ஈரக்காற்று

இடையில் ஒரு சிறு விஷயம். அந்தக் கேமராவின் அடியில் எல்ஆர்44 பேட்டரி ஒன்று இருக்கும். அது மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் பேட்டரி இல்லாமலே ஓடும். முதலில் புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள். பின்கதவைத் திறந்து ஓரத்துக் கறுப்புப் பஞ்சையும் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் அது தார் மாதிரி உருகி ஒட்டும். ஒட்டினால் வெளிச்சம் கசியும், மாற்றிவிடுங்கள்.

மலையேறி_கேஎல்

பேட்டரி புதிதுதான், பஞ்சும் நன்றாக இருக்கிறது. நெகட்டிவைப் பார்த்தேன் அக்கா. ஓரத்து எண்கள் கறுப்பாக, தெளிவாக இருக்கின்றன. பாட்டி முகத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நீங்கள் சொன்னபடி ஒளிதான் குறைவு.

பழைய ஸ்டூடியோ

கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் என் வேலைக்காலம் கழிந்தது. இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"கறுப்புத் தோலுக்கு ஃபிலிம் சரிவராது" என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் கோடக் நிறுவனம் கலர் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அதை ஷெர்லி கார்டு என்பார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் இயந்திரத்தின் நிறத்தைத் திருத்துவார்கள். கறுப்பு முகங்கள் விவரமில்லாமல் அடங்கிப்போனது யாருக்கும் பெரிய குறையாகப் படவில்லை. 1970களில் மரச்சாமான் விற்பவர்களும் சாக்லெட் விளம்பரக்காரர்களும், எங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகே ஃபிலிமில் அடர் நிறங்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள். பல இனத்தவர் இருக்கும் மாதிரிப் படம் 1990களில்தான் வந்தது. நம் பாட்டிமார் முகத்துக்காக அல்ல, அலமாரிக்காகவும் சாக்லெட்டுக்காகவும் அந்தத் திருத்தம் நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

நம் பக்கத்திலும் ஒரு பழக்கம் இருந்தது. தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு என்று தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். முகத்தில் பவுடர் அப்பி, விளக்கைக் கூட்டி, அப்புறம் நெகட்டிவில் பென்சிலால் தடவி வெளுக்க வைப்பார்கள். அவர்களும் அதைத்தான் கேட்டார்கள். அதனால் பழைய ஆல்பங்களில் நம் தாத்தா பாட்டியின் உண்மையான நிறமே இல்லாமல் போய்விட்டது.

இன்றைய ஃபிலிமில் அந்தக் குறை இல்லை. போர்ட்ராவோ, கோல்டோ, கறுப்பு வெள்ளை எச்பி5 பிளஸோ, எல்லாமே கறுப்புத் தோலின் மினுமினுப்பையும் நிழலையும் அப்படியே பிடிக்கும். முகத்துக்கு வேண்டிய ஒளியை நாம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும், குறைவைத் தாங்காது. பதியாமல் போன நிழலை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது.

செய்முறை சொல்கிறேன். எடுக்கப்போகிறவர் நிற்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை விரியுங்கள். கை மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி கிட்டே கொண்டுபோய் மீட்டர் பாருங்கள். உள்ளங்கை எந்த இனத்தாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வெளுப்பாகவே இருக்கும். அது சாம்பல் நிறத்தைவிட ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட. ஆகவே மீட்டர் எஃப்/5.6 என்றால் லென்ஸ் துளையை எஃப்/4இல் வையுங்கள், எண் குறைந்தால் துளை பெரிதாகும். பிறகு பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தாலும், கறுப்புக் கார் நின்றாலும், அந்த அளவை மாற்றவே கூடாது.

இடமும் முக்கியம். உச்சி வெயிலில் யாரையும் நிற்க வைக்காதீர்கள், கண்குழி இரண்டும் இருண்டுபோகும். நம் பழைய கடை வரிசைகளில் காக்கி லீமா, அதாவது கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதே, அதைவிட நல்ல ஸ்டூடியோவை நான் பார்த்ததில்லை. மேலே கூரை, பக்கத்தில் திறந்த வானம். எதிர்ச் சுவரில் படும் வெயில் திரும்பி வந்து முகத்தில் மெதுவாக விழும். லெபோ அம்பாங், பிரிக்பீல்ட்ஸ் பழைய வரிசைகள், எங்கேயும் கிடைக்கும். ஆளை விளிம்புக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்து நிறுத்துங்கள். ஒரு பக்கம் இருட்டாகத் தெரிந்தால் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கேள்விக்குறி

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். ஒரு ரோல், கழுவக் கூலி, ஸ்கேன் என்று எல்லாம் சேர்ந்தால் நல்ல தொகை ஆகிறது. அதற்கு 36 படம். கைப்பேசியில் அதே பாட்டியை நூறு படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளலாமே? மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் செலவு தேவையா?

நெகட்டிவ் அக்கா

நியாயமான கேள்விதான். செலவு உண்டு, அதை மறைக்க முடியாது. மாதம் ஒரு ரோல் என்று கட்டுப்படுத்திக்கொள்பவர்களைத் தெரியும், அது நல்ல வழி.

ஆனால் கைப்பேசியில் எனக்கு ஒரு பெரிய குறை. முகத்தைக் கண்டதும் அது தானாக வெளுக்க வைக்கிறது, சுருக்கத்தை வழிக்கிறது. பல கைப்பேசிகளில் அதை முழுவதும் அணைக்கவும் முடிவதில்லை. ஐயா சொன்ன பவுடரும் பென்சிலும் இப்போது கைப்பேசிக்குள்ளே உட்கார்ந்திருக்கின்றன. என் அம்மாவின் நிறத்தை அம்மாவின் நிறமாகவே என் பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்தச் செலவு.

இன்னொன்றும் உண்டு. கேமராவுக்குப் பின்னால் திரை இல்லை. எடுத்ததும் "காட்டு காட்டு" என்று யாரும் ஓடி வருவதில்லை. வயதானவர்கள் அப்படியே உட்கார்ந்து பேச்சைத் தொடர்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது படத்தில்தான் அவர்கள் முகம் அவர்கள் முகமாகிறது.

தண்ணீர்மலை

மலைப் பக்கத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். பினாங்கில் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) போகும் ஜீப் பாதை, தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் வழி, முக்கா ஹெட் கலங்கரை விளக்கம், இங்கெல்லாம் கேமராவோடு அடிக்கடி போகிறேன்.

நம் காட்டைப் பகலில் பார்த்து ஏமாறக் கூடாது. வெளியே உச்சி வெயில் அடிக்கும்போதும் மரக்கூரைக்கு அடியில் நல்ல இருட்டு. 400 ஃபிலிமில் எஃப்/2.8, ஷட்டர் 1/60 வினாடிதான் கிடைக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. அதனால் காட்டுக்கு 200 போதாது. 400 போட்டுக்கொண்டு, மரத்தில் முழங்கையை ஊன்றி எடுங்கள். கடற்கரைக்கு வந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். அதே 400 ஃபிலிமுக்கு எஃப்/16, 1/500. எஃப்/16இல் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்டத்தட்ட சமமான ஷட்டர் என்ற பழைய கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். வானம் மூடினால் எஃப்/8, திறந்த நிழலில் எஃப்/4. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீட்டர் செத்தாலும் கவலை இல்லை.

கொடிமலை 833 மீட்டர். காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு மேல் கீழே நகரம் புகைபோலத் தெரியும். கறுப்பு வெள்ளையில் ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் அந்த மங்கல் குறையும், மேகம் எடுப்பாக நிற்கும். ஒளி இரண்டு ஸ்டாப் வரை குறையும், ஆனால் லென்ஸ் வழியாகப் பார்க்கும் மீட்டர் அதை ஏறக்குறையத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். மேலே ஏறும்போது ரயிலையும் எடுத்துவையுங்கள். 1923இலிருந்து இருக்கும் பாதை அது, பெட்டிகளும் தண்டவாளமும் மாறியிருக்கின்றன.

மழை பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜிப் பை இரண்டு, சிறு துண்டு ஒன்று, எடுத்த ரோல்களுக்கு மூடி இறுகும் டப்பா. போதும்.

ஈரக்காற்று

பூஞ்சையை விட்டுவிட்டீர்களே. இந்த நாட்டில் லென்ஸுக்கு எமன் அதுதான். மலையில் நனைந்த பையை அப்படியே அலமாரியில் வைத்தால், வலை மாதிரி பூஞ்சை பிடித்துவிடும். நாளானால் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் போகாது. உலர்பெட்டி வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், 20 வெள்ளிக்குள் கிடைக்கும் சின்ன ஈரமானி. இறுகிய பெட்டியில் பூட்டி மாதக்கணக்கில் மறந்துவிடுவதைவிட அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது நல்லது.

ஃபிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் வியர்த்துவிடும். நிறுத்திய காரில் ரோலை விட்டுப் போகவே கூடாது.

தமிழ்நாட்டுப் பயணம் போகிறவர்களுக்கு: ஃபிலிமைக் கைப்பையில் வையுங்கள், ஏற்றிவிடும் பெட்டியில் வைக்காதீர்கள். புதுவகை சிடி ஸ்கேனர் எந்த ஃபிலிமையும் கெடுக்கும். கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

மலையேறி_கேஎல்

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. ஆக, ஒரே 400 ரோல், ஒரே கேமரா, இரண்டுக்கும் போதும். ஒரு சந்தேகம். 400 ஃபிலிமைப் போட்டுவிட்டு கேமராவின் ஐஎஸ்ஓ டயலில் 200 வைக்கச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். உள்ளங்கை முறையும் அதுவும் ஒன்றா?

நெகட்டிவ் அக்கா

நான் போர்ட்ரா 400க்கு எப்போதும் 200தான் வைக்கிறேன். நிழல் நிறைந்து வரும், தோல் நிறம் மென்மையாக இருக்கும்.

பழைய ஸ்டூடியோ

அம்மா சொல்வது கலர் நெகட்டிவுக்குச் சரி. ஆனால் தம்பி புதிதாகத் தொடங்குகிறவர். உள்ளங்கை பார்த்து ஒரு ஸ்டாப் திறப்பது மீட்டரின் கணக்கைத் திருத்துவது. டயலை 200இல் வைப்பது அதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுப்பது. இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் போர்ட்ரா தாங்கும், ஆனால் காட்டுக்குள் அந்த ஒரு ஸ்டாப்பை இழந்தால் 1/60 போய் 1/30 ஆகிவிடும், கை நடுக்கம் விழும். எக்டாக்ரோம் மாதிரி ஸ்லைடு ஃபிலிமில் இந்தக் கூடுதல் விளையாட்டே கூடாது, முகம் வெளுத்துப் போய்விடும். என் கருத்தில், டயல் 400இலேயே இருக்கட்டும், முகத்துக்கு உள்ளங்கை போதும்.

நெகட்டிவ் அக்கா

காட்டுக்கு நீங்கள் சொல்வது சரி ஐயா. காக்கி லீமாவில் நான் 200ஐ விடமாட்டேன்.

புதுரோல்

வணக்கம். கல்லூரி மாணவி, காஜாங். கழுவும் கூலியைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம் என்று இருக்கிறேன். எச்பி5 பிளஸும் ஐடி-11 டெவலப்பர் பொடியும் வாங்கிவிட்டேன். எல்லாக் கையேட்டிலும் 20 பாகை என்கிறார்கள். எங்கள் குழாய்த் தண்ணீர் 28க்குக் கீழே இறங்குவதில்லை. என்ன செய்வது?

பழைய ஸ்டூடியோ

நல்லது மகளே, துணிந்து செய்யுங்கள். இரண்டு வழி உண்டு. மருந்துப் புட்டிகளைப் பெரிய பேசினில் தண்ணீருக்குள் நிறுத்தி, ஐஸ் கட்டியைப் பையோடு அந்தத் தண்ணீரில் போட்டு 20க்கு இறக்கலாம். ஐஸை மருந்துக்குள் போடாதீர்கள். இன்னொரு வழி, 24 பாகையில் நின்று நேரத்தைக் குறைப்பது. ஐடி-11ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் எச்பி5க்கு 20 பாகையில் 13 நிமிடம், 24 பாகையில் சுமார் 9. நம் ஊருக்கு இதுதான் எளிது. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20 பாகையிலேயே ஏழரை நிமிடம்தான். 24க்குப் போனால் ஐந்தை ஒட்டி வந்துவிடும், அவ்வளவு குறைந்த நேரத்தில் சீராகக் கழுவுவது கடினம்.

டெவலப்பர் 24 என்றால் ஸ்டாப் பாத் (அதன் வேலையை நிறுத்தும் மருந்து), ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கவைக்கும் மருந்து), கழுவும் தண்ணீர் எல்லாமே அதை ஒட்டி இருக்கட்டும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், வடிகாலில் ஊற்றாதீர்கள். புட்டியில் சேர்த்து வைத்தால் வாங்கிக்கொள்ளும் லேப் உண்டா என்று விசாரியுங்கள். காயப்போடக் குளியலறைதான் சிறந்த இடம். யாராவது குளித்து முடித்த பிறகு தூசி அடங்கியிருக்கும்.

ஈரக்காற்று

அத்தோடு ஒரு எச்சரிக்கை. சினிமா ஃபிலிமை வெட்டிச் சுருட்டி மலிவாக விற்கிறார்கள். சிலவற்றின் முதுகில் கறுப்பு மைப்படலம் இருக்கும். சாதாரணக் கலர் லேபில் கொடுத்தால் அவர்கள் இயந்திரம் முழுக்க மை ஒட்டிவிடும். கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

மலையேறி_கேஎல்

அடுத்த தைப்பூசத்துக்குப் பத்து மலையில் ஃபிலிமில் எடுக்க ஆசை. இரவு, விடியற்காலை, அப்புறம் அந்த 272 படிகள். 400 போதுமா?

தண்ணீர்மலை

இரவுக்குப் போதாது. போர்ட்ரா 800, இல்லாவிட்டால் எச்பி5ஐ 1600ஆகக் கருதி எடுத்துக் கழுவும்போது நேரத்தைக் கூட்டுங்கள். ஐடி-11 தண்ணீர் கலக்காமல், 20 பாகையில் 14 நிமிடம். நேரம் நீளமாக இருப்பதால் இதற்கு ஐஸ் வழிதான் நல்லது. விடிந்ததும் கலருக்கு மாறுங்கள், படிகளுக்கு 2018இல் வண்ணம் அடித்த பிறகு கறுப்பு வெள்ளையில் பாதி விஷயம் போய்விடுகிறது.

பினாங்குக்கும் ஒரு முறை வாருங்கள். இங்கே தண்ணீர்மலைக்குப் போகும் வழி நெடுக தண்ணீர்ப் பந்தல்கள். பந்தலில் நிற்பவர்களை எடுப்பது காவடியை எடுப்பதைவிட எனக்குப் பிடிக்கும். தட்டில் சோறும் கையில் கரண்டியுமாக, வியர்வையோடு, அவ்வளவு நல்ல முகங்கள்.

நெகட்டிவ் அக்கா

அருள் வந்திருப்பவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அலகு குத்தும் இடத்தில் குடும்பத்தாரிடம் கண்ணாலாவது அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். பெண்கள் ஆற்றங்கரையில் குளித்துவிட்டு வரும் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். சாமி கும்பிட வந்தவர்கள் அவர்கள். முடிந்தால் எண்ணை வாங்கிக்கொண்டு படத்தை அனுப்புங்கள்.

பழைய ஸ்டூடியோ

அனுப்புவதோடு நிறுத்தாமல் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். ஐந்துக்கு ஏழு அளவு, பளபளப்பில்லாத தாள். பின்னால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முகத்தில் தடம் விழும். நெகட்டிவைப் பிவிசி உறையில் போடாதீர்கள். அது நாளடைவில் ஒட்டிக்கொண்டு கெடுத்துவிடும், பாலிபுரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள்.

மலையேறி_கேஎல்

வாங்கிவிடுகிறேன் ஐயா. வரும் சனிக்கிழமை பாட்டியை லெபோ அம்பாங் கூட்டிப்போகிறேன், வேட்டி பிடிக்கத் தம்பி வருகிறான். கோலாலம்பூரில் இருக்கும் வேறு யாராவது வருகிறீர்களா?

புதுரோல்

நான் வரட்டுமா அண்ணா? உள்ளங்கை முறையைப் பழகிப் பார்க்க வேண்டும். என்னிடம் எச்பி5 ஒன்று மீதி இருக்கிறது.

மலையேறி_கேஎல்

தாராளமாக. காலை எட்டரைக்கு மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்தில் இருப்போம். வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு அங்கேயே பசியாறலாம். பாட்டிக்குத் தோசை வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.